சத்தம் போடாத வில்லன்

1. முதல் நாள்

முதல் நாளே வில்லன் வரவில்லை.

சோழவந்தானில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய பெரிய வீடு. பின்னால் வெற்றிலைக் கொடிக்கால், அதைத் தாண்டினால் வைகை. படத்தில் வரும் குடும்பத்துக்கு அதுதான் வீடு. ஆரப்பாளையத்து லாட்ஜிலிருந்து காலை ஆறு மணிக்கே வேனில் வந்து இறங்கி, ஏழரைக்கெல்லாம் லைட்டும் கேமராவும் தயார். சென்னையிலிருந்து வரவேண்டிய நடிகர் மட்டும் வரவில்லை. பத்து மணி வாக்கில் அவருடைய மேனேஜரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. சாருக்கு வேறு பெரிய படம் அமைந்துவிட்டது, தேதி ஒத்துவராது, மன்னிக்கவும். அவ்வளவுதான்.

நான் லொகேஷன் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட். பேர் பத்மநாபன், யூனிட்டில் எல்லாருக்கும் பத்தண்ணே. பிறகு ஸ்டூடியோவில் டப்பிங் பேசாமல், ஸ்பாட்டில் நடிகர் பேசுகிற பேச்சையே படத்துக்கு எடுப்பதுதான் என் வேலை. நடிகரின் சட்டைக்குள் லேப்பல் என்று சொல்கிற சின்ன மைக்கை ஒட்டி, இடுப்பில் டிரான்ஸ்மிட்டரைக் கட்டிவிடுவோம். அவர் எங்கே நின்று முணுமுணுத்தாலும் என் ஹெட்ஃபோனில் காதோரம் பேசுவதுபோலக் கேட்கும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் எந்த மைக் நல்லது, எந்த மிக்ஸர் நல்லது என்றுதான் கேட்கிறார்கள். யாரும் கேட்காத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

டைரக்டர் ஜெயக்கொடிக்கு அது முதல் படம். உசிலம்பட்டிப் பக்கம், விவசாயக் குடும்பத்துப் பெண். ஏழு வருஷம் உதவி டைரக்டராக இருந்துவிட்டு இந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர். கதை சுருக்கமாக இதுதான். ஒரு வீட்டுப் பெண் காணாமல் போகிறாள். குடும்பமே இடிந்து போகிறது. எல்லாருக்கும் ஆறுதல் சொல்லி, போலீஸுக்கு அலைந்து, தேடுவதில் முன்னால் நிற்பவர் அவளுடைய சித்தப்பா. அந்தச் சித்தப்பாதான் அவளை அடைத்து வைத்திருக்கிறார். அவள் விரும்பிய பையன் வேற சாதி என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

"குடும்பப் படத்துல வில்லன் வெளியேருந்து வந்தான்னா அது சண்டைப் படம்ணே. உள்ளுக்குள்ள உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாத்தான் பயம்," என்று முதல் மீட்டிங்கிலேயே என்னிடம் சொல்லியிருந்தார்.

அந்த வில்லன்தான் இப்போது இல்லை. ஜெயக்கொடி முகம் கழுவிவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

"சித்தப்பா முகம் வேண்டாத ஷாட்டை எல்லாம் இன்னைக்கு எடுத்துருவோம். அவர் டயலாக்கை யாராச்சும் கேமராவுக்குப் பின்னாடி நின்னு வாசிங்க."

பக்கத்து வீட்டுக்காரர் வேஷத்துக்கு, இரண்டே வரி பேசுவதற்காக, ஒரு பெரியவரை வரவழைத்திருந்தார்கள். பேர் ஜெகந்நாதன். மீனாட்சியம்மன் கோயில் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்று ஓய்வு பெற்றவர். அமெச்சூர் நாடகங்களில் சின்னச் சின்ன வேஷம் போட்டிருக்கிறார். காலையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சேரில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில் பேப்பரைக் கொடுத்தார்கள்.

"எம்புட்டு சத்தமா வாசிக்கணும்மா?"

"உங்க வசதிக்கு வாசிங்க சார். நடிக்கவெல்லாம் வேணாம்."

காட்சியில், மகளைத் தொலைத்த அப்பா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சித்தப்பா பேச வேண்டும். ஜெகந்நாதன் வாசித்தார்.

"அண்ணே, ரெண்டு வாய் சாப்பிடுங்கண்ணே. புள்ளை வந்துரும். நான் இருக்கேன்ல."

நீளக் கம்பு நுனியில் பிடிக்கிற பூம் மைக் வழியாக அது என் காதுக்குள் வந்தபோது கை மயிர் நின்றது. சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. விலை அதிகம் என்று எழுந்திருக்கும் வாடிக்கையாளரை மெதுவாகத் திரும்ப உட்கார வைக்கிற குரல். எவ்வளவு கனிவோ அவ்வளவு பிடிவாதம். கேட்கிறவருக்கு வேறு வழியே இல்லாமல் செய்துவிடும்.

நான் ஹெட்ஃபோனைக் கழற்றி ஜெயக்கொடியிடம் நீட்டினேன். "மேடம், இதைப் போட்டுக்கிட்டு அவரை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லுங்க."

அவர் கேட்டார். மறுபடி ஒரு தடவை கேட்டார். பிறகு எழுந்து போய் ஜெகந்நாதனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, "சார், இருபத்தஞ்சு நாள் வருவீங்களா?" என்றார்.

2. ஜெகண்ணன்

அவர் எங்கள் ஆள் என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. நான் என் மனைவியோடு போனில் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொண்டிருந்தேன். முடித்ததும் பின்னாலிருந்து எங்கள் பாஷையிலேயே, "வீட்டுல புளியோதரையா?" என்று குரல். திரும்பினால் ஜெகந்நாதன் சிரித்துக்கொண்டு நிற்கிறார். அன்றிலிருந்து மதியம் இரண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். அவருக்கு நான் பத்து. எனக்கு அவர் ஜெகண்ணே.

கேமராவுக்கு முன்னால் அவரைப் பார்த்து யூனிட்டே பயந்தது. ஒரு காட்சியில் அந்தப் பெண்ணை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட வேண்டும். மற்ற நடிகராக இருந்தால் அறைந்து சாத்துவார்கள். இவர் உள்ளே தண்ணீர்ச் செம்பை வைத்தார், ஜன்னலைத் திறந்து காற்று வருகிறதா என்று கையை நீட்டிப் பார்த்தார், அப்புறம் குழந்தை தூங்குகிற அறையைச் சாத்துவதுபோலச் சத்தம் வராமல் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்த சின்ன ஓசை மட்டும் தனியாகக் கேட்டது. கட் சொல்ல ஜெயக்கொடிக்கு ஒரு நிமிஷம் ஆனது.

கட் சொன்னதும் அவரே ஓடிப்போய்க் கதவைத் திறந்து, "பயந்துட்டியாம்மா? சும்மாம்மா, சும்மா," என்று அந்த நடிகையிடம் மன்னிப்புக் கேட்டார். அவள் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு முழுக்க அவர் பக்கத்தில் போய் உட்காரவில்லை. அவரும் அதைக் கவனித்தார்.

சொந்த விஷயம் அதிகம் பேச மாட்டார். தல்லாகுளத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கிறார். மனைவி சரோஜா இறந்து இரண்டு வருஷம். ஒரே மகள் ஹேமா, ஓசூரில் இருக்கிறாள்.

"வந்து போவாளாண்ணே?"

"வர்றதில்ல." இலையை மடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

3. லேப்பல்

பதினெட்டாம் நாள் என்று ஞாபகம். மதியச் சாப்பாட்டு இடைவேளை. பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடவில்லை, ரயிலும் இல்லை. அந்த வீட்டின் அமைதியைத் தனியாகக் கொஞ்சம் பதிவு செய்துகொள்ளலாம் என்று நான் மட்டும் மிக்ஸருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். ரூம் டோன் என்போம். எடிட்டிங்கில் பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவே நிரப்ப அது வேண்டும்.

ஜெகண்ணன் லேப்பலைக் கழற்றாமலேயே கொடிக்கால் பக்கம் போயிருக்கிறார். மிக்ஸரில் அவருடைய மைக் சேனலின் ஒலியை நான் இறக்கி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. திடீரென்று காதுக்குள் அவர் குரல்.

முதலில் போன் பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் போன் என் மேஜைமேல் இருந்தது. தனியாகத்தான் பேசிக்கொண்டிருந்தார், எங்கள் பாஷையில்.

"அம்மா தூங்குறாம்மா. எந்திரிச்சதும் சொல்றேன்."

கொஞ்சம் நிறுத்தி, இன்னும் மெதுவாக மறுபடி அதையே சொன்னார். டயலாக்கைப் பழகுகிறாரோ என்று பார்த்தால், அப்படி ஒரு வரி ஸ்கிரிப்டில் கிடையாது. அப்புறம் குரல் மாறியது.

"நீ முழிச்சுத்தான் இருந்த சரோஜா. ஹேமாவான்னு கண்ணால கேட்ட. இல்லேன்னு தலையாட்டினேன். பேச்சு வராத உன்கிட்ட போய்ப் பொய் சொன்னேன். அவகிட்டயும் சொன்னேன். எம்புட்டு நைசா சொன்னேன் பாரு. அந்தக் குரலைத்தான் இப்ப எல்லாரும் சூப்பர் சூப்பர்னு கை தட்டுறாங்க."

அதற்கு மேல் வார்த்தை இல்லை. ஆண் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு அழுதால் எப்படி இருக்கும் என்பது லேப்பல் மைக்கில் கேட்டால்தான் தெரியும். சட்டை உரசுகிற சத்தமும் மூச்சும்தான்.

ரெக்கார்டிங்கை நான் இன்னும் ஆரம்பித்திருக்கவில்லை. அது ஒன்றுதான் நல்லது. ஆனால் நான் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, பம்புசெட்டில் முகம் கழுவுகிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அதுதான் முதலில் கூசுகிறது.

இடையில் எங்கள் ஆட்களிடம் அரசல்புரசலாகக் காதில் விழுந்திருந்ததோடு சேர்த்துப் பார்த்ததும் கதை எனக்குப் புரிந்துவிட்டது. ஹேமா வேற சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு போயிருக்கிறாள். வீட்டுப் படி ஏறக்கூடாது என்று இவர் சொல்லியிருக்கிறார். அப்புறம் அம்மா பக்கவாதத்தில் படுத்துப் பேச்சில்லாமல் கிடந்த நாட்களில் மகள் போன் செய்யும்போதெல்லாம் இவர்தான் எடுத்திருக்கிறார். திட்டவில்லை. அன்பாகப் பேசி, தூங்குகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

4. நான் செய்தது

கடைசி வாரத்தில் ஜெயக்கொடிக்கு ஒரு சிக்கல். படத்தில் அந்தப் பெண் அடைத்துவைத்த இடத்திலிருந்து தப்பித்து, யாருடைய போனிலிருந்தோ வீட்டுக்குக் கூப்பிடுவாள். அம்மாவிடம் பேச வேண்டும் என்று. அம்மா உடம்பு முடியாமல் படுத்திருக்கிறாள். சித்தப்பா போனை எடுக்கிறார். இவர்தான் வில்லன் என்பது பார்க்கிறவர்களுக்கு முழுசாக உறைக்கிற இடம் அது. எழுதியிருந்தபடி பார்த்தால், சித்தப்பா போனில் மிரட்டுவார். கொன்னுருவேன் என்பார்.

"அது வரைக்கும் மலை மாதிரி நிக்கிற ஆளு இந்த சீன்ல பொசுக்குன்னு சாதா ரவுடியா ஆயிர்றார் பத்தண்ணே. வில்லன் இங்க விழுந்தா படமே விழுந்துரும். நாலு நாளா எழுதிக் கிழிக்கிறேன், வர மாட்டேங்குது."

டீயை ஆற்றிக்கொண்டே நான் சொன்னேன். "எங்க சொந்தத்துல ஒருத்தர் வீட்டுல நடந்தது மேடம்," என்று ஆரம்பித்தேன். பேர் சொல்லவில்லை. பேர் சொல்லாததால் தப்பில்லை என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். படுத்திருக்கிற அம்மா, போனில் மகள், நடுவில் தூங்குகிறாள் என்று சொல்கிற ஆள். அம்புட்டையும் சொன்னேன்.

ஜெயக்கொடி தன் டீயைக் குடிக்கவே இல்லை. "அய்யோ அண்ணே," என்றார். உடனே நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

படம் நன்றாக வர வேண்டும் என்றுதான் சொன்னேன். அதுவும் உண்மைதான். ஆனால் டைரக்டருக்கு முடியாத இடத்தில் சவுண்ட்காரன் ஒரு சீன் சொன்னான் என்கிற சின்னப் பெருமையும் அதில் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

5. ஒரே டேக்

மறுநாள் காலையில் சீன் பேப்பரை ஜெகண்ணன் கையில் கொடுத்தார்கள். நான் அவருக்கு லேப்பல் ஒட்டிக்கொண்டிருந்தேன். என் கை அவர் நெஞ்சில் இருக்கும்போதுதான் அவர் அந்த வரிக்கு வந்தார். நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கவே இல்லை.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. எங்கள் பாஷையில் மெதுவாகக் கேட்டார்.

"அம்புட்டும் கேட்டுச்சா பத்து?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஜெயக்கொடி வந்தார். "சார், படிச்சிட்டீங்களா? ஏதாச்சும் மாத்தணுமா?"

நான் ஜெகண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடியாது என்று சொல்லப் போகிறார், சொல்லட்டும் என்றுதான் நினைத்தேன். அவர் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"இந்தப் படம் ஓசூர்ல ஓடுமாம்மா?"

ஜெயக்கொடி சிரித்தார். "எல்லா ஊர்லயும் ஓடும் சார். அப்புறம் போன்லயே வந்துரும். யார் வேணா பாக்கலாம்."

"அப்ப சரி. எடுங்க."

ஃபேனை நிறுத்தினார்கள். ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினார்கள். கட்டிலில் அம்மாவாக நடித்தவர் கண்ணைத் திறந்து படுத்திருந்தார். நான் சவுண்ட் ரோலிங் என்றேன்.

போன் அடிக்கிறது. எடுக்கிறார். அந்தப் பக்கத்துக் குரலைக் கேட்டதும் முகம் கனிகிறது. "அம்மா தூங்குறாம்மா. எந்திரிச்சதும் சொல்றேன். நீ எங்க இருக்க, சாப்பிட்டியா?" கட்டிலில் இருப்பவர் போனுக்காகக் கையை நீட்டுகிறார். எழுதியிருந்தது அதுவரைதான். ஜெகண்ணன் நீட்டிய அந்தக் கையைத் தன் இடது கையால் பிடித்தார். பிடித்து, இரண்டு தடவை தட்டிக்கொடுத்து, மெதுவாகக் கொண்டுபோய்ப் போர்வைக்குள் வைத்தார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். இவ்வளவும் போனில் சிரித்துப் பேசிக்கொண்டே.

கட் சொன்னதும் கைதட்டல். "சார்! அந்தக் கையப் போர்வைக்குள்ள வச்சீங்களே, எப்படி சார் தோணுச்சு?" என்று ஜெயக்கொடி கத்தினார். நான் அதை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. எனக்கே தெரியாது. கொடிக்காலில் நின்று தனியாகப் பேசியபோதுகூட அவர் அதைச் சொல்லவில்லை.

ஜெகண்ணன் போனைக் கீழே வைத்துவிட்டு அம்மாவாக நடித்தவரின் கால் பக்கம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு டேக் போகலாமா என்று கேமராமேன் கேட்டார். "என்னால ஆகாதுங்க," என்றார்.

6. ஓசூரிலிருந்து

படம் வந்தது. ஓடியது. எழுதினவர்கள், யூடியூபில் பேசினவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள். இந்தப் படத்தின் பலமே அந்தச் சித்தப்பாதான், இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வில்லனைப் பார்த்ததில்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நானும் அவரும் டீக்கடையில் நிற்கும்போது நாலு பையன்கள் வந்து, "சித்தப்பா, செல்ஃபி சித்தப்பா," என்று மொய்த்தார்கள். அதே இடத்தில் ஒரு அம்மா தன் பெண் குழந்தையை இழுத்து மறுபக்கம் நிறுத்திக்கொண்டதையும் பார்த்தேன். அவர் செல்ஃபிக்கும் நின்றார். குழந்தையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, சிரித்தால் பயப்படும் என்று நினைத்திருப்பார்.

பட வாய்ப்பு வரிசையாக வந்தது. ஒன்றும் ஒத்துக்கொள்ளவில்லை. ஜெயக்கொடியே அடுத்த படத்துக்குக் கூப்பிட்டபோது, "அந்தக் குரல் போயிருச்சும்மா," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குப் போன்.

"பத்து, ஹேமா வந்திருக்கா. நீ கொஞ்சம் வாரியா? உன்கிட்ட ஏதோ கேக்கணுமாம்."

தல்லாகுளத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். மாடிப் போர்ஷனில் முன் அறை. சுவரில் சரோஜா அக்காவின் போட்டோ. அதற்குக் கீழே முப்பது முப்பத்திரண்டு வயதில் ஒரு பெண், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் அதே தாடை. ஜெகண்ணன் சமையலறை வாசலில் நின்றார்.

"நீங்கதான் சவுண்ட் ரெக்கார்டிஸ்டா? அந்த போன் சீனை எழுதினது யாரு சார்?"

"டைரக்டர் எழுதினாங்கம்மா. சொன்னது நான்."

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலை. அப்பா தனியாப் பேசினது மைக்ல கேட்டுச்சு. நான் கேட்டிருக்கக் கூடாது. சொல்லியும் இருக்கக் கூடாது."

அவள் அதைக் காதில் வாங்கினாளா தெரியவில்லை. அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்ப அம்மா முழிச்சுத்தான் இருந்தாங்களா?"

"ஆமா."

"எத்தனை தடவை?"

ஜெகண்ணன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாத் தடவையும்."

கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"நாலு மாசம்," என்றாள் ஹேமா. "தினம் மதியம் ஆபீஸ்ல லஞ்சை விட்டுட்டு வெளிய வந்து போன் பண்ணுவேன். தூங்குறான்னு நீங்க சொல்வீங்க. அம்மாவுக்கு என் மேல கோவம், பேசப் பிடிக்காமத்தான் தூங்குற மாதிரி இருக்காங்கன்னு நெனச்சேன். அந்தக் கோவத்தோடவே போயிட்டாங்கன்னு நெனச்சேன். அம்மாவை எடுக்கிறதுக்கு முன்னாடி வந்து நின்னப்பகூட அவங்க காலைத் தொட பயமா இருந்துச்சுப்பா. தொடவே இல்ல."

"அவ உன்னத்தான் கேட்டா. கடைசி வரைக்கும் உன்னத்தான் கேட்டா."

"இத ஏன் என்கிட்ட சொல்லல? அம்மா போனப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல? ஊரே பாத்து கை தட்டினப்புறமா நான் தெரிஞ்சுக்கணும்?"

"நேர்ல சொல்ல எனக்குத் துப்பு இல்லம்மா. அதான் படத்துல சொன்னேன். உனக்குத் தெரிஞ்சிரும்னு தெரிஞ்சுதான் சொன்னேன்."

ஹேமா அழுதாள். அப்பாவுக்காக இல்லை. போட்டோவின் கண்ணாடியில் நெற்றியை வைத்து, அம்மா, அம்மா என்று. அவர் இரண்டடி எடுத்து வைத்தார். அவள் திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டி வராதீர்கள் என்று காட்டினாள். நின்றுவிட்டார். பத்து நிமிஷம் இருந்திருப்பாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு படி இறங்கிப் போனாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

7. அப்புறம்

அன்றைக்கே நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். காலில் விழவும் தயாராகத்தான் இருந்தேன். அவர் என்னை உட்கார வைத்துக் காபி போட்டுக்கொடுத்தார்.

"நீ சொல்லாட்டி நான் என்னைக்கும் சொல்லியிருக்க மாட்டேன் பத்து. சாகுற வரைக்கும் மறைச்சிருப்பேன். அவளுக்கு அவ அம்மா திரும்பக் கெடச்சா, உன்னாலதான்." டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "அதுக்காக நீ செஞ்சது சரின்னு ஆயிராது."

சரியான தீர்ப்பு. அதற்கு மேல் நான் அப்பீல் போகவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். மைக் எதையும் தள்ளிவிடாது, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். எதைக் கேட்பது, எதைக் கேட்காமல் இருப்பது என்பது மிக்ஸருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவன் செய்ய வேண்டிய வேலை. கட் சொன்னதும் நான் இப்போது எல்லாச் சேனலையும் இறக்கிவிடுகிறேன். மைக் கட்டும்போதே ஒவ்வொரு நடிகரிடமும் அவர் காதில் விழும்படி, இது ஆன் ஆகி இருக்கிறது என்று சொல்கிறேன். சின்னப் பையன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். படத்தின் பலம் வில்லன் என்று எல்லாரும் எழுதினார்கள். அந்தப் பலம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று யூனிட்டில் அவரைத் தவிர தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்குப் பெருமையாக இல்லை.

ஹேமா இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறாள். அம்மாவின் திவசத்துக்கு மட்டும். அப்பாவோடு பேசுவதில்லை. சமையல் முழுக்க ஜெகண்ணன்தான். அவள் போட்டோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இலையில் போட்டதைச் சாப்பிடுகிறாள். என்னையும் வரச் சொல்வார், போவேன்.

இந்த வருஷம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"சார், நான் கெளம்புறேன்னு சொல்லிருங்க."

ஜெகண்ணன் எனக்குப் பின்னால் நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். நான் திரும்பி, "கெளம்புறாளாம்ணே," என்றேன்.

அவர் கையிலிருந்த துண்டை ஒரு தடவை மடித்தார். மறுபடி மடித்தார்.

"பஸ்ல ஜன்னலோரமா உக்காரச் சொல்லு பத்து. அவளுக்கு வாந்தி வரும்."

நான் அவள் பக்கம் திரும்பி அதைச் சொன்னேன். அவள் வாசல்படியில் நின்று, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுவிட்டு, அப்புறம்தான் இறங்கினாள்.